தோட்டத்தில் திசில்: விதை போட்டு வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பவை

எசெக்ஸில், கோல்செஸ்டருக்குப் பக்கத்தில், 12 ஆண்டுகளாகத் திசில் (thistle) என்னும் முட்செடி வளர்த்து வருகிறேன். ஜூலையில் நீல உருண்டைகள் பூத்து நிற்கும்போது வீட்டுக்கு வருகிற எல்லோரும் விதை கேட்பார்கள். கொடுத்தனுப்புவேன். அடுத்த வசந்தத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். கோயிலில், தமிழ்ப் பள்ளி வாசலில், பிறந்தநாள் வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்தின் குளிருக்கும் மழைக்கும் பொருந்துபவை.

அக்கா, திசில் எண்டா களைதானே? அதைப் போய் ஆரும் விதைச்சு வளப்பினமோ?

களையான திசிலும் உண்டு, பார்த்துப் பார்த்து வளர்க்கிற திசிலும் உண்டு. முள்ளிலையும் கொண்டைப் பூவும் உள்ள பலவற்றுக்கும் இங்கே இந்த ஒரே பெயர்தான். தோட்டத்துக்கு ஏற்றவற்றில் முக்கியமானவை மூன்று. எக்கினாப்ஸ், நீலப் பந்து போலப் பூப்பது. எரிஞ்சியம், நீலக் கூம்பைச் சுற்றி வெள்ளியில் செதுக்கிய காலர் வைத்தது போலிருப்பது. ஓனோபோர்டம், ஆளைவிட உயரமாக வெண்சாம்பல் நிறத்தில் எழுவது.

இதில் எரிஞ்சியம் உண்மையில் திசிலே அல்ல. கொத்தமல்லி, பெருஞ்சீரகக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கடற்கரை வகை இந்த நாட்டு மணல்மேடுகளில் தானாக வளர்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அதன் வேரைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து விற்பதில் எங்கள் கோல்செஸ்டர் பெயர் பெற்றிருந்தது.

ஏன் வளர்க்க வேண்டும் என்றால், ஒரு ஜூலை மாதப் பகலில் எக்கினாப்ஸ் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரே உருண்டையில் நான்கைந்து பம்பிள்பீக்கள் தேனில் மயங்கிக் கிடக்கும். என் தோட்டத்தில் அந்த அளவுக்குத் தேனீக்களை இழுக்கிற செடி வேறொன்று இல்லை.

இது நம்ம ஊரு நெருஞ்சி முள்ளா? தமிழ்ல என்ன பேரு?

நெருஞ்சி வேறு. அது தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூப்பது, திசிலுக்கு உறவே இல்லை. பழைய தமிழ் விவிலியத்தில் ‘முள்ளும் குருக்கும்’ என்று வருகிறதே, அந்தக் குருக்குதான் திசிலுக்கு அகராதிகள் தரும் சொல். ஆனால் நம் ஊரில் பிரமதண்டையும் குருக்கு என்பார்கள், அது கசகசாக் குடும்பம். குழப்பம் வேண்டாமென்று நான் திசில் என்றே சொல்கிறேன்.

நம் மண்ணில் இதற்குச் சொந்தக்காரர்கள் இல்லாமலும் இல்லை. எண்ணெய்க்காகப் பயிரிடும் குசும்பா திசிலின் நெருங்கிய உறவு. எக்கினாப்ஸ் இனத்திலேயே ஒன்று இந்தியாவின் காய்ந்த கரம்பு நிலங்களில் தானாக நிற்கும்.

கவுன்சில்ல புகார் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு. சட்டப்படி தப்பில்லையா?

இல்லை. 1959ஆம் ஆண்டுக் களைச் சட்டத்தில் ஐந்தே செடிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு திசில்கள்: வேரால் படரும் க்ரீப்பிங் திசில், ஈட்டி முனை போன்ற இலையுடைய ஸ்பியர் திசில். அவையும் உங்கள் நிலத்தில் இருப்பதே குற்றம் என்றில்லை. பரவவிடாமல் தடுக்கும்படி அரசு நோட்டீஸ் கொடுக்க முடியும், அவ்வளவுதான். நான் மேலே சொன்ன மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தால் பூக்கும்போது நாலு தண்டு வெட்டிக் கொடுங்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் மூன்று வீடுகளுக்கு எக்கினாப்ஸ் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்திரேலியாவிலோ வட அமெரிக்காவிலோ இருக்கிறவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓனோபோர்டம் அங்கே பல பகுதிகளில் தடைசெய்யப்பட்ட களை. விதை வாங்குமுன் உங்கள் மாநிலப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

முதல் தடவை போடப் போறேன். எதுல ஆரம்பிக்கட்டும்?

எக்கினாப்ஸ் ரிட்ரோ. விதை பெரிது, கையால் எடுத்து ஒவ்வொன்றாக ஊன்றலாம். மார்ச் கடைசியில் 15 முதல் 20 டிகிரி வெப்பமுள்ள சன்னலோரத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். அடுத்த ஆண்டு கோடையில் பூ. பிறகு ஆண்டுதோறும் அதே இடத்தில் எழும்.

எரிஞ்சியத்தில் தொடங்குவதானால் பிளானம் வகை நல்லது, மற்றவற்றைவிட அதற்குப் பிடிவாதம் குறைவு. ஆல்பைனம் அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் அதை இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விதை போட்டு ரெண்டு மாசமாச்சு, ஒண்ணுகூட முளைக்கல. விதை கெட்டுப்போச்சா?

அதிகம் கேட்ட கேள்வி இதுதான். விசாரித்தால் பத்துக்கு எட்டுப் பேர் போட்டிருப்பது எரிஞ்சியமாக இருக்கும். அதன் விதை செடியிலிருந்து உதிரும்போது உள்ளே இருக்கும் கரு முழுதாக வளர்ந்திருக்காது. ஈரமும் குளிருமாகச் சில வாரங்கள் கடந்தால்தான் அது வளர்ந்து, வெளியே வரலாம் என்று விதைக்குத் தெரியும். குளிரே காட்டாமல் ஏப்ரலில் சூடான அறையில் போட்ட விதை, அடுத்த குளிர்காலம் வரை அப்படியே உறங்கும். ஆகவே தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். மேலே கொஞ்சம் சரளை தூவி, வடக்குச் சுவரோரம் காயாமல் வையுங்கள். 14 மாதம் கழித்து முளைத்த தொட்டி என்னிடம் உண்டு.

இரண்டாவது காரணம் பழைய விதை. எரிஞ்சியம் விதை வைத்திருக்க வைத்திருக்க முளைப்புத் திறனை இழக்கும். ஒருமுறை நான் விலைக்கு வாங்கிய மூன்று பொட்டலங்களில் ஒரு விதைகூட இரண்டு குளிர்காலம் போயும் முளைக்கவில்லை. அதே இலையுதிர் காலத்தில் சொந்தச் செடியில் சேகரித்து உடனே விதைத்தது புல் மாதிரி முளைத்தது. அன்றிலிருந்து எரிஞ்சியம் கேட்பவர்களுக்கு செப்டம்பரில்தான் விதை கொடுக்கிறேன், வாங்கிய வாரமே போடச் சொல்லி.

அப்ப எந்த மாசம் விதைக்க வேணும், ஒரு சொல்லில சொல்லுங்கோ.

எரிஞ்சியம் செப்டம்பர், அக்டோபரில். தொட்டியில் போட்டு, குளிர்காலம் முழுக்க வெளியே விட்டுவிடுங்கள். பனி, உறைபனி எல்லாம் அதன் மேல் விழட்டும். எக்கினாப்ஸ் மார்ச், ஏப்ரலில். ஓனோபோர்டம் இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோ, நிற்க வேண்டிய இடத்திலேயே நேராக. ஏன் நேராக என்பது நாற்று மாற்றும் கேள்வியில் வருகிறது.

இலையுதிர் காலத்தை விட்டிட்டன். ஃபிரிட்ஜில வச்சு எடுக்கலாமோ?

எடுக்கலாம். கைப்பிடி ஈர மணலில் அல்லது ஈரம் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் துகளில் விதையைக் கலந்து, பையில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலு முதல் ஆறு வாரம் வையுங்கள். பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை பாருங்கள். வெள்ளை முளை தெரிந்தால் அன்றே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

காய்ந்த பொட்டலத்தை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ‘குளிர் காட்டிவிட்டேனே’ என்கிறவர்கள் உண்டு. உலர்ந்த விதைக்குக் குளிர் ஏறாது. அப்படி வைப்பது விதையைச் சேமிக்கத்தான் உதவும்.

ஃப்ரீசர்ல வச்சா இன்னும் சீக்கிரம் வருமா?

வராது. 4 டிகிரி போதும். கரு வளர வேண்டும் என்றேன் அல்லவா, உறைந்து போனால் அது வளர முடியாது.

எந்த மண்ணில போடுறது? எவ்வளவு ஆழம்?

பீட் கலக்காத விதைக் கம்போஸ்ட் மூன்று பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு. விதைக்கு மேல் அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் மூடுங்கள். தட்டையான தட்டில் போடாமல் ஆழமான தொட்டியில் போடுங்கள். டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்கள் இதற்கு அருமை. ஒரு குழாய்க்கு இரண்டு விதை, இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரித்துவிட்டு, குழாயோடு அப்படியே நட்டுவிடலாம்.

நாத்து நல்லா வந்துச்சு. பெரிசானப்புறம் இடம் மாத்தினேன், ஒரே வாரத்துல வாடிப்போச்சு.

ஆணிவேர் அறுந்திருக்கும். இந்தச் செடிகள் எல்லாமே முள்ளங்கி போல ஒற்றை வேரை நேராகக் கீழே இறக்குபவை. மேலே நாலு இலை இருக்கும்போதே கீழே வேர் ஒரு சாண் போயிருக்கும். அதனால்தான் ஆழமான தொட்டி, அட்டைக் குழாய், நேர் விதைப்பு என்று முன்னால் சொன்னேன். விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மையிலைகள் வந்ததும், வேர் தொட்டியின் அடியைத் தொடுமுன், நிலையான இடத்துக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு அசைக்காதீர்கள். நானும் மூன்றாம் ஆண்டில் ஒரு எக்கினாப்ஸைப் பெயர்த்து முன் பாத்தியில் வைக்கப் போய் இழந்தேன். ஆனால் மண்ணுக்குள் விட்டுவந்த வேர்த்துண்டுகள் அடுத்த வசந்தத்தில் பழைய இடத்திலேயே மூன்று செடிகளாக எழுந்தன.

அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். குளிர்காலத்தில் பென்சில் பருமனான வேரை 5 முதல் 8 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மேல் கீழ் மாறாமல் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் தாய்ச்செடி அப்படியே மறுபடி கிடைக்கும்.

இடைவெளி: எரிஞ்சியத்துக்கு 45 சென்டிமீட்டர், எக்கினாப்ஸுக்கு 60, ஓனோபோர்டத்துக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல்.

எங்கட வளவு முழுக்கக் களிமண். வருமோ?

லண்டனில் பலருக்கு இதே கவலை. களிமண்ணில் கோடையைவிடக் குளிர்காலம்தான் ஆபத்து. ஆணிவேர் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சேற்றில் ஊறினால் அழுகிவிடும். எக்கினாப்ஸ் ஓரளவு தாங்கும். எரிஞ்சியம் தாங்காது. பாத்தியை 20, 25 சென்டிமீட்டர் மேடாக்கி, சரளையும் பருமணலும் தாராளமாகக் கலந்து, தண்டின் கழுத்தைச் சுற்றிச் சரளையே பரப்பி நடுங்கள்.

எங்கள் பக்கம் வருகிறவர்களை எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற ஊரில் இருக்கும், தோட்டக்கலைஞர் பெத் சாட்டோவின் சரளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவேன். 1990களின் தொடக்கத்தில், பழைய கார் நிறுத்துமிடத்தை அவர் தோட்டமாக மாற்றினார். நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று இது, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரும் தேறாது. அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. அங்கே எரிஞ்சியங்கள் நிற்கும் நிமிர்வைப் பார்த்தபின் என்னிடம் யாரும் மண் வளம் பற்றிக் கேட்டதில்லை.

மாட்டெரு போட்டால் இன்னும் செழிப்பா வராதோ?

வரும், அதுதான் தொல்லை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் எரு போட்டு வளர்த்த கை நமக்கு, சும்மா இருக்க மனம் கேட்காது. ஆனால் திசிலுக்கு எரு போட்டால் இலை பெருத்து, தண்டு நீண்டு, பூக்கும் நேரத்தில் காற்றுக்குச் சாய்ந்துவிடும். நட்ட முதல் கோடையில் மட்டும் மழையில்லாமல் காய்ந்தால் வாரம் ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். எரு வேண்டாம்.

பூ நீலமாவே வரல, பச்சையாவே இருக்கு.

முதலில் மாதத்தைப் பாருங்கள். எரிஞ்சியம் பச்சையாகத்தான் மொட்டு விடும், ஜூலையில் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஏறும், தண்டுக்கும் சேர்த்து. ஆகஸ்டிலும் பச்சை என்றால் வெயில் போதவில்லை, அல்லது முந்தைய கேள்வியில் சொன்ன எருக் கோளாறு. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இன்னொன்று, உங்களிடம் இருப்பது ஜைகாண்டியம் வகையானால் அது முழு நீலமாக வராது. அதன் காலர் வெள்ளி நிறம்.

‘டேப்லோ ப்ளூ’ செடியில விதை எடுத்துப் போட்டேன். பிள்ளைகள் ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்கே?

‘டேப்லோ ப்ளூ’ எக்கினாப்ஸ் போலப் பெயர் வைத்த ரகங்கள் விதையில் அப்படியே வருவதில்லை. தேனீ எந்தச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்ததோ. பிள்ளைகளில் ஒன்று தாயைவிட அழகாகவும் இருக்கலாம். எனக்கு அப்படி அடர்நீலத்தில் ஒன்று கிடைத்திருக்கிறது. தாயே வேண்டுமென்றால் வேர்த்துண்டுதான் வழி.

இதோடு ஒரு எச்சரிக்கை. சிர்சியம் என்பது இன்னொரு திசில் இனம். அதில் கருஞ்சிவப்பில் பூக்கும் ‘அட்ரோபர்ப்யூரியம்’ பெயரில் யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள். அந்தச் செடி விதை வைப்பதில்லை, குத்தைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். விதையில்தான் சிர்சியம் வேண்டும் என்பவர்கள் ஜப்பான் வகையைப் போடலாம், முளைப்பதும் எளிது.

மிஸ் வில்மட்ஸ் கோஸ்ட் ரெண்டு வருசம் வளத்தன். பூத்துது, செத்துப்போச்சு. நான் என்ன பிழை விட்டன்?

ஒரு பிழையும் இல்லை. எரிஞ்சியம் ஜைகாண்டியத்தின் செல்லப் பெயர் அது. நம் ஊர் வாழை ஒருமுறை குலை தள்ளிச் சாய்வது போல, இதுவும் ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, முடிந்துபோகும். வாழை பக்கக் கன்று விட்டுப் போகும், இது விதையை விட்டுப் போகும். காய்ந்த தண்டைப் பிடுங்காமல் அக்டோபர் வரை நிற்க விடுங்கள். அடுத்த வசந்தத்தில் சுற்றிலும் பிள்ளைகள் தெரியும். அவை பூக்க இன்னும் இரண்டு ஆண்டு ஆகும் என்பதால், ஆண்டுதோறும் பூ வேண்டுமானால் இரண்டு ஆண்டு தொடர்ந்து புது விதை போடுங்கள்.

பெயருக்குரிய எலன் வில்மட் (1858–1934) எங்கள் எசெக்ஸ்காரர், பிரென்ட்வுட் அருகே வார்லி பிளேஸில் தோட்டம் வைத்திருந்தவர். 1897இல் அரசத் தோட்டக்கலைச் சங்கம் முதன்முதலாக விக்டோரியா பதக்கம் வழங்கியபோது 60 பேரில் இரண்டே பெண்கள், இவர் ஒருவர். போகிற தோட்டங்களில் எல்லாம் இந்த விதையைப் பையிலிருந்து எடுத்து இரகசியமாகத் தூவிவிட்டு வருவாராம், அவர் போனபின் வெள்ளியாய் எழும் செடி அவருடைய ஆவி என்பார்களாம். கதையோ நிஜமோ, அந்தி வெளிச்சத்தில் அந்தச் செடியைப் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள். செல்வம் முழுவதையும் செடிகளில் கொட்டிக் கடனோடு இறந்தார். வீடு இப்போது இல்லை. தோட்டம் இயற்கைக் காப்பகமாக இருக்கிறது.

ஸ்காட்லாந்து சின்னத்துல இருக்கிற திசில் வேணும்னு பையன் கேக்கிறான். சின்னத் தோட்டத்துல வைக்கலாமா?

அந்தப் பெயரில் விற்கப்படுவது ஓனோபோர்டம். முதல் ஆண்டு தரையோடு ஒரு வெள்ளி ரோஜாவாகக் கிடக்கும், மறு ஆண்டு இரண்டு மூன்று மீட்டர் எழும்பிப் பூத்துச் சாகும். தண்டில்கூட முள் விளிம்பு உண்டு. குழந்தைகள் பந்து விளையாடும் இடத்தில் வேண்டாம், பின்வேலியோரம் ஒன்றே ஒன்று வையுங்கள். சின்னத்தில் இருப்பது எந்தத் திசில் என்பதே தீராத வழக்கு. ஓனோபோர்டம் ஸ்காட்லாந்துக்கு வந்தேறி என்பதால், அங்கே காலங்காலமாக இருக்கும் ஸ்பியர் திசில்தான் அது என்பவர்கள் நிறைய. பையனுக்கு அதையும் சொல்லுங்கள்.

மில்க் திசில் ஈரலுக்கு நல்லதாமே? வளத்துச் சாப்பிடலாமா?

வெள்ளை நரம்போடிய இலைக்காக வளர்க்கலாம், அழகான செடி. கடையில் விற்கிற மாத்திரை, விதையிலிருந்து பிரித்தெடுத்த சிலிமரின். வீட்டு விதையை அரைத்துக் குடிப்பது அதற்கு ஈடாகாது. ஈரலில் குறை இருப்பவர்கள், வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பூ முடிஞ்சதும் வெட்டிறதோ, விடுறதோ?

எனக்கே ஆண்டுதோறும் மனம் இரண்டுபடும் இடம் இது. வெட்டாவிட்டால் எக்கினாப்ஸ் பாதையிடுக்கில் எல்லாம் முளைக்கும். வெட்டினால் கோல்ட்ஃபின்ச் வராது. சிவப்பு முகமும் மஞ்சள் இறக்கையுமாக இருக்கும் அந்தச் சிட்டின் அறிவியல் பெயரே திசிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அவ்வளவு ஒட்டு. நான் பாதி தலைகளை வெட்டுகிறேன், வேலியோரப் பாதியை விடுகிறேன். ஓனோபோர்டத்தில் மட்டும் இரக்கம் வேண்டாம். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், ஒரு தலை போக மற்றதை வெட்டிவிடுங்கள்.

சாடியில் காயவைக்க வேண்டுமானால் வெட்டும் நேரம் மாறும். எக்கினாப்ஸை உருண்டை நீலமேறி, சிறு பூக்கள் விரியுமுன் வெட்ட வேண்டும். விரிந்தபின் வெட்டினால் காயும்போது உதிர்ந்துவிடும். எரிஞ்சியத்தை முழு நீலம் வந்தபின் வெட்டுங்கள். தலைகீழாக, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் மூன்று வாரம் தொங்கட்டும்.

அம்மா ஊரில கேக்கிறா. கொஞ்ச விதை பையில போட்டுக் கொண்டுபோகட்டோ?

வேண்டாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுமதியில்லாமல் விதை கொண்டுபோகத் தாவரத் தடைகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. கொண்டுபோனாலும், குளிர் கேட்கும் விதை யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ எப்படி முளைக்கும்? அம்மாவுக்குக் காய்ந்த பூவின் படம் ஒன்று அனுப்புங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் குசும்பா விதைத்துப் பார்க்கலாம். ஆரஞ்சு நிறத்தில் அதுவும் திசில் பூதான்.

பாத்தியில தானா ஒரு முள்ளுக் கன்று வந்திருக்கு. இது நல்லதா, களையா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இலையைத் தடவிப் பாருங்கள். மேற்பரப்பே சொரசொரவென்று சிறு முட்களாகக் குத்தினால் ஸ்பியர் திசில், ஆணிவேரோடு பிடுங்கிவிடுங்கள். மேலே பச்சையும் கீழே வெள்ளைக் கம்பளி போலவும் இருந்தால் பெரும்பாலும் எக்கினாப்ஸ். இரண்டு பக்கமும் சிலந்தி வலை போர்த்தியது போல வெண்மையாக இருந்தால் ஓனோபோர்டம். முள்ளே இல்லாமல், பளபளவென்று இதய வடிவ இலையாக இருந்தால் அது வில்மட் அம்மாளின் பிள்ளை. பலர் அதைக் களையென்று கிள்ளி எறிந்துவிட்டு, பிறகு என்னிடம் விதை கேட்கிறார்கள்.

எதுவும் பிடிபடாவிட்டால் பக்கத்தில் விரலால் மண்ணைக் கிளறுங்கள். கிடைமட்டமாக ஓடும் வெள்ளை வேரிலிருந்து கன்று எழும்பியிருந்தால் க்ரீப்பிங் திசில். அந்த வேரை இழுத்து அறுக்காதீர்கள், ஒவ்வொரு துண்டும் செடியாகும். தோட்ட முள்கரண்டியால் ஈரமண்ணைத் தளர்த்தி, நீளமாக எடுங்கள். அடுத்த மாதமும் அதே இடத்தைப் பாருங்கள், அதற்கடுத்த மாதமும்.